பெருசா ஒண்ணு போடுங்க

என் வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக்காரர்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் "இன்னொருதடவை". ஒரு போல்ட்டை முறுக்கி முடித்து, சரியாக இருக்கிறது என்று தலையாட்டி, எழுந்து இரண்டடி நடந்த பிறகு, "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடறேன்" என்று திரும்பப் போய்க் குனிவார். வண்டிக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நெளிவார். சரியான சந்தேகப் பிராணியிடம் மாட்டிக்கொண்டோமே என்று கல்யாணமான புதிதில் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். அவருக்குச் சந்தேகமெல்லாம் தன் கை மேல்தான், மனிதர்கள் மேல் இல்லை என்று எனக்குப் புரிய நாலைந்து வருஷம் ஆனது.

டைல்ஸ் கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவில் தகரக்கூரை போட்ட நீளமான கூடம்தான் எங்கள் ஒர்க்‌ஷாப். வண்டியைத் தூக்கி நிறுத்துகிற லிஃப்ட் இரண்டு இருக்கின்றன. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்தைச் சுவரில் கறுப்பு மையால் வரைந்து வைத்திருக்கிறார். எடுத்ததைத் திரும்ப மாட்டாவிட்டால் சுவரே காட்டிக்கொடுத்துவிடும். முன்பக்கத்துக் கண்ணாடி அறை என் ராஜ்ஜியம். ஒரு மேஜை, ஒரு போன், ஓடும்போது தலையும் சேர்ந்து ஆடுகிற ஒரு ஃபேன். வேகமான வண்டி என்றால் நாலு ஊர் தள்ளியிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள். அவர் சொந்தத்துக்கு ஓட்டுவது ஒரு பழைய ஸ்கூட்டர். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டால் சைக்கிள்காரர்கள்கூட எங்களைப் பாவம் பார்த்துத் தாண்டிப் போவார்கள்.

அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. வண்டிக்காரர் என்ன சொல்கிறாரோ அதை அவர் வாயில் வந்தபடியே நான் ஜாப் கார்டில் எழுத வேண்டும். "நீ திருத்தாதே. நீ திருத்தினா அவர் தப்போட உன் தப்பும் சேந்துக்கும்" என்பார். அதனால் என் கார்டுகளைப் படித்தால் சிரிப்பு வரும். "காலையில் வண்டி இருமுகிறது." "பிரேக் போட்டால் உள்ளே யாரோ அழுகிறார்கள்." "கியர் என் பேச்சைக் கேட்பதே இல்லை, என் பையன் மாதிரி." இதையெல்லாம் அப்படியே எழுதி வண்டியின் கண்ணாடியில் வைப்பரில் செருகி வைப்பேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, போன் போட்டு நிதானமாக விசாரிப்பார்.

போன வருஷம் ஒரு பல் டாக்டர் சாம்பல் நிறத்தில் இரண்டு கதவு கார் ஒன்றைக் கொண்டு வந்தார். முப்பது வயதிருக்கும். காரை வாங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

"சூப்பர்சார்ஜர் புல்லி மாத்தணும் மேடம். பெருசா ஒண்ணு போடுங்க. என் ஃப்ரெண்டு போட்டான், வண்டி பறக்குது."

"பெருசாவா?"

"ஆமா, பெருசா. நல்லா இழுக்கணும். கிளினிக்ல ஒருத்தர் வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கார், நான் ஓடறேன்."

ஓடிவிட்டார். "சூப்பர்சார்ஜர் புல்லி. பெருசா ஒண்ணு போடுங்க" என்று எழுதிச் செருகினேன். என் வீட்டுக்காரர் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

விஷயம் இதுதான். சூப்பர்சார்ஜர் என்பது என்ஜினுக்குள் காற்றை அடித்துத் திணிக்கிற மிஷின். என்ஜினிலிருந்து ஒரு பெல்ட் வந்து அதைச் சுழற்றும். சூப்பர்சார்ஜர் பக்கத்தில் அந்த பெல்ட் ஓடுகிற சக்கரம்தான் டாக்டர் சொன்ன புல்லி. அதைச் சின்னதாக்கினால் அதிகம் சுற்றும். காற்று கூடும், இழுவை கூடும். பெரிதாக்கினால் எல்லாமே குறையும். பெரியவர் கையைப் பிடித்து நடக்கிற குழந்தை, அவர் ஓர் எட்டு வைத்தால் மூன்று எட்டு வைக்க வேண்டியிருக்கிறதே, அந்தக் கணக்குதான். பெல்ட்டின் மறுகோடியில், என்ஜின் பக்கத்திலும் ஒரு புல்லி இருக்கிறது. அங்கே பெரிது போட்டால்தான் வேகம். நண்பன் அதைத்தான் செய்திருப்பான். டாக்டர் எந்தப் பக்கம் என்பதைக் கோட்டை விட்டுவிட்டு, பெருசு என்ற ஒரு வார்த்தையை மட்டும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"சாயங்காலம் போன் பண்ணிக் கேட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் வேறு வண்டிக்குக் கீழே போனார்.

மத்தியானம் ஒரு பள்ளிக்கூட பஸ் வாசலில் வந்து நின்றது. உள்ளே பிள்ளைகள் யாரும் இல்லை. டிரைவர் யூனிஃபார்மில் ஒரு பெண் இறங்கி வந்தாள். நாற்பதை ஒட்டிய வயது. டாக்டரின் அக்கா. சக்கரத்துப் பூட்டைக் கழற்றுகிற சாவியைத் தம்பி வீட்டிலேயே மறந்துவிட்டானாம், கொடுத்துவிட்டுப் போக வந்தாள். சாவியை மேஜையில் வைத்தவள் உடனே போகவில்லை. காருக்குப் பக்கத்தில் போய் கார்டைப் படித்தாள். திரும்பி வந்து கேட்டாள்.

"அம்மா, பெருசுன்னு எழுதியிருக்கே. பெருசு போட்டா சுத்து குறையாதா?"

நான் அசந்துபோனேன். "உனக்கெப்படி தெரியும்?"

"பத்தொன்பது வருஷமா பஸ் ஓட்டறேன். நடுரோட்டுல பெல்ட் அறுந்து நானே மாட்டியிருக்கேன்."

"உன் தம்பி மாத்திச் சொல்லிட்டார். எங்க வீட்டுக்காரர் போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் கை வைப்பார்."

அவள் என் அறைக் கதவைச் சாத்தினாள். "கேக்க வேணாம்மா. எழுதினது எழுதினபடியே போட்டுடச் சொல்லுங்க."

அப்புறம் மளமளவென்று சொன்னாள். போன மாதம் தம்பியின் காரைக் கழுவிக்கொடுக்கப் போயிருக்கிறாள். பின்சக்கரத்துக்கு மேலே கொத்தாகப் புல், வேரும் மண்ணுமாக. கேட்டதற்கு, பார்க் ஓரமாக நிறுத்தினேன் என்று சொல்லியிருக்கிறான். மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலி பஸ்ஸோடு அவன் வழக்கமாகப் போகிற புறவழிச்சாலைக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள்.

"வளைவுல கறுப்பா டயர் தடம்மா. வட்டமா சுத்தியிருக்கு. அது முடியற இடத்துல புல்தரை பேந்து கிடக்கு. அங்கேருந்து ஒரு விளக்குக் கம்பம் எத்தனை தூரங்கறீங்க? நான் அடி வச்சுப் பாத்தேன். எட்டு அடி."

"சொல்லிப் பாத்தியா?"

"சொன்னா, 'நீ பஸ் ஓட்டறவ, உனக்கு வேகத்தைப் பத்தி என்ன தெரியும்'ங்கறான். அம்மா அப்பா போனப்போ அவனுக்கு ஒன்பது வயசு. தலை வாரிவிட்டு ஸ்கூலுக்கு அனுப்பினவ நான். எனக்கு அவன் ஒருத்தன்தாம்மா இருக்கான்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் இரண்டு ஆறுதல் வார்த்தை சொல்லி அனுப்பியிருப்பேன். கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். "நான் பாத்துக்கறேன், நீ போ" என்று வாய் தவறி, இல்லை, மனசறிந்தே சொல்லிவிட்டேன்.

சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பதில் வந்தது.

"முடியாது."

"கார்டுல இருக்கறதைத்தானே செய்யப்போறீங்க? நீங்க போட்ட சட்டம்தானே?"

"கார்டுல இருக்கறது அவர் வார்த்தை. அவர் கேட்டது அது இல்ல. உனக்கே தெரியும்."

தெரியும்தான். "நல்லா இழுக்கணும்" என்று அவர் சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டவள் நான். அவசரத்தில் அதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன். மாட்டிக்கொண்டால் எனக்குக் கோபம் வரும், அது என் பிறவிக் குணம்.

"ரொம்பத்தான் உத்தமர்! ஒவ்வொரு வண்டியையும் முடிச்சு ஓட்டிப் பாக்கப் போறீங்களே, அப்ப நான் என்ன பண்றேன்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா? கேட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். இருபத்தேழு வருஷமா. நீங்க திரும்பி வர்ற சத்தம் கேட்டாத்தான் பேனா ஓடும். அந்தப் பொண்ணு எங்கே நிக்கறான்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "இத நீ சொன்னதே இல்லையே" என்றார்.

"கேட்டாத்தானே சொல்றதுக்கு."

அன்று சாயங்காலம் அவர் டாக்டருக்குப் போன் பண்ணவில்லை. மறுநாள் காலையில் பழைய புல்லியை அளந்து, ஒரு தாளில் படம் போட்டு எடுத்துக்கொண்டு லேத்துக்காரரிடம் போனார். "எல்லாரும் சின்னதா கேப்பாங்க, நீங்க என்ன மாஸ்டர் பெருசா கேக்கறீங்க?" என்று லேத்துக்காரர் கேட்டதற்கு, "கடைஞ்சு குடுங்க" என்று மட்டும் சொன்னாராம். என்னிடம் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

மூன்றாம் நாள் மாட்டினார். நான் வேலையை விட்டுவிட்டுப் போய்ப் பக்கத்தில் நின்றேன். நீளக் கம்பியைக் கொடுத்து, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரை நெம்பி பெல்ட்டைக் கழற்றினார். பெயருக்கேற்ற சாமான் அது, அதைத் தொடுகிறபோதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வார். பழைய புல்லி தண்டில் இறுக்கமாக ஏறி உட்கார்ந்திருக்கும், கையால் இழுத்தால் வராது. மூன்று கால் உள்ள புல்லரை அதன்மேல் கவ்வ வைத்து, நடு போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். 'டக்'கென்று ஒரு சத்தம், கையோடு வந்தது. புதியதைச் சின்ன மின்சார அடுப்பில் சூடாக்கினார். சூட்டில் துளை ஒரு மயிரிழை விரியும். தடித்த கையுறையோடு எடுத்து ஒரே மூச்சில் தண்டில் ஏற்றி உட்கார வைத்தார். ஆறியதும் பிடித்துக்கொண்டது. பெரிய சக்கரம் என்பதால் நீளமான பெல்ட் தேவைப்பட்டது. அதையும் மாட்டி, இரும்பு ஸ்கேலை வைத்து எல்லாப் புல்லியும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்தார். இருந்தன. எழுந்து இரண்டடி நடந்தார். நடந்தபடியே போய்க் கையைக் கழுவினார். திரும்பிப் பார்க்கவேயில்லை.

டாக்டர் வந்தார். "முடிஞ்சுதா மாஸ்டர்?" என்று கேட்டார். "முடிஞ்சுது" என்று சொல்லி என் வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்தார். பொய்யே இல்லாத ஒரு வார்த்தையைச் சொல்ல ஒரு மனிதர் அத்தனை கஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்த இரண்டு வாரமும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான் எதைக் கேட்டாலும் "ம்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் நிம்மதியாகத் தூங்குகிறாள், என் வீட்டுக்காரர் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் குடி முழுகிப்போகாது என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் டாக்டர் கேக் பெட்டியோடு வந்து நின்றார். முகமெல்லாம் பல்.

"மாஸ்டர், என்ன கை உங்க கை! வண்டி என்னமா இழுக்குது! அதவிட இன்னொண்ணு. இத்தனை நாள் யார்கிட்டயும் சொல்லல. ஒரு வளைவுல ஒருதரம் வண்டி சுத்திருச்சு. அதுலேருந்து அந்த இடம் வந்தாலே எனக்குக் கை வேர்க்கும். இப்ப பாருங்க, வழுக்கறதே இல்ல. வண்டி என் பேச்சைக் கேக்குது. நான் ஓட்டக் கத்துக்கிட்டேன் மாஸ்டர். நாளைக்கு என் கூட வேலை செய்யறவர் வண்டியை அனுப்பறேன், அவருக்கும் இதே மாதிரி போட்டுடுங்க."

என் வீட்டுக்காரர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். அவர் வாயைத் திறக்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"டாக்டர், உங்க வண்டி முன்னவிட மெதுவாத்தான் போகுது."

டாக்டர் சிரித்தார். தமாஷ் என்று நினைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் பழைய புல்லியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்து, எது பெரிது, எது சின்னது, எதற்கு எப்படிச் சுற்றும் என்று பொறுமையாகச் சொன்னார். "நீங்க வாய் தவறி பெருசுன்னு கேட்டீங்க. நான் தெரிஞ்சே போட்டேன். என் தப்பு."

"ஏன்?"

"எனக்குப் பயமா இருந்துது."

டாக்டர் என் அறைக்குள் வந்து கேக் பெட்டியை மேஜை மேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்பட்டுக் கத்துவார் என்று நானும் சண்டைக்குத் தயாராகத்தான் எழுந்து நின்றிருந்தேன். அவர் கத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் கொடுத்த பரிசைத் திரும்பப் பறிகொடுத்த பிள்ளை மாதிரி இருந்தது அந்த முகம்.

"அப்ப நான் கத்துக்கல" என்றார். "வண்டிதான் சாதுவாயிடுச்சு."

எனக்குத் தாங்கவில்லை. டாக்டருக்கு அந்த நினைப்பாவது மிச்சம் இருந்திருக்கக் கூடாதா என்று என் வீட்டுக்காரர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "நான்தான் போடச் சொன்னேன். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க" என்றேன்.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாய்க்குள் ஒளிந்திருக்கிற சொத்தையைத் தேடிக் கண்டுபிடிக்கிறவருக்கு இது ஒரு பெரிய விஷயமா?

"எங்க அக்கா வந்திருந்தாளா?"

நான் ஃபேனைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

"புல்லு பார்க்குல ஒட்டினதுன்னு சொன்னதை அவ நம்பலையா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அப்புறம், "பழசையே மாட்டிடுங்க" என்றார்.

அப்போதே மாட்டினார். டாக்டர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். முடிந்ததும் அவர் கேட்டார். "மாஸ்டர், உண்மையைச் சொல்லுங்க. நான் ஓட்டறது அவ்வளவு மோசமா?"

"எனக்குத் தெரியாது. நான் உங்க பக்கத்துல உக்காந்ததில்ல. அக்காவை உக்கார வச்சிருக்கீங்களா?"

"அவ குறை சொல்லிக்கிட்டே வருவா. அதனால ஏத்தினதில்ல."

"அப்ப அவங்களைக் கேளுங்க."

டாக்டர் கொஞ்ச நேரம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

அடுத்த முக்கால் மணியில் பஸ் வந்தது. அக்காக்காரி இறங்கி, தம்பியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று தெரிந்துகொண்டாள். என் வீட்டுக்காரரை அவள் பார்த்த பார்வையில் என் உடம்பு கூசியது. நம்பி வந்தவளைக் காட்டிக்கொடுத்துவிட்டார், அதுதானே நடந்தது? பெயரைச் சொல்லவில்லை என்பதெல்லாம் யாருக்கு வேண்டும்?

தம்பி கேட்டான். "வேகத்துக்குப் பயந்துக்கிட்டு இப்படிப் பண்ணுவியாக்கா? இந்த வண்டியை ஓட்டிப் பாத்திருந்தா உனக்குத் தெரியும்."

"சாவியைக் குடு" என்றாள்.

"நீ எங்கேக்கா..."

"குடுடா."

சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடிகளைத் திருத்தினாள். பெல்ட்டைப் போட்டாள், அவனையும் போட வைத்தாள். கார் கேட்டைத் தாண்டுகிறவரை பள்ளிக்கூட பஸ் மாதிரிதான் போனது. அப்புறம் சூப்பர்சார்ஜர் ஊளையிட்டுக்கொண்டு மேலே ஏறுகிற சத்தம் கேட்டது. நானும் அவரும் வாசலுக்கு ஓடினோம். தெருக்கோடியில் வண்டியைக் காணோம்.

கால் மணி நேரம். கேட்டைப் பார்த்துக்கொண்டு இந்த முறை அவரும் என் பக்கத்தில் நின்றார். "இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார். "பேசாம இருங்க" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வந்தார்கள். வண்டி அலுங்காமல், ஒரு கோடு போட்ட மாதிரி வந்து நின்றது. அவள் பக்கத்துக் கதவு முதலில் திறந்தது. அடுத்த கதவு திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது. தம்பி இறங்கி, கதவைப் பிடித்தபடியே நின்றான். முகம் வெளிறிப் போயிருந்தது.

"மெதுவா போன்னு நாலு தடவை சொன்னேன். நீ கேக்கல" என்றான். "அந்த வளைவுல... அந்தக் கம்பத்துக்கிட்ட... எனக்கு ஒண்ணும் பண்ண முடியல. என் கையில ஒண்ணுமே இல்ல."

"பயமா இருந்துதா?"

"ரொம்ப."

"கால் மணி நேரம்தாண்டா ஆச்சு" என்றாள். "எனக்கு ஆறு மாசமா தினம் இப்படித்தான் இருக்கு. நீ வீட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும்."

அவன் கதவைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. அப்போதுதான் பார்த்தேன், அவள் கையில் சாவி கலகலவென்று ஆடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்தார். தம்பியைத் தாண்டிப் போய், அக்காவிடம் நீட்டினார்.